மூன்று அறைகள், ஒரே மூச்சு

எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். புது வீடு கட்டி, மாடியில் மூன்று அறைகள் எடுத்திருக்கிறார்களாம். கூட்டுக் குடும்பம். மாமனாருக்கு இளைப்பு. நாத்தனார் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறார். "அறைக்கு ஒன்றாக ஏ.சி. வைப்பதைவிட, நடையின் பொய்க் கூரைக்குள் ஒரே பெரிய யந்திரத்தை மறைத்து வைத்து, தகரக் குழாய் வழியாக மூன்று அறைகளுக்கும் குளிர்ச்சியைக் கொண்டுபோகலாம் என்கிறார் மெக்கானிக். கைக்குழந்தை வரப்போகிற வீடு. இதில் ஆபத்து ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. விலையைக் கேட்கிறோம், நிறத்தைக் கேட்கிறோம். இந்தக் கேள்வியை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

மேற்கே கல்வராயன் மலைமேல் ஏறிவிட்டால் குளிர்ச்சிதான். கீழே உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சிச் சமவெளியிலோ கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. 'குளிர்சாதனம் பணக்காரர் சமாசாரம்' என்று சொல்லித் தப்பித்துக்கொண்ட காலம் போய்விட்டது. வைப்பதை ஒழுங்காக வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த யந்திரம் வெளியிலிருந்து புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. அதன் வயிற்றில் இருப்பவை ஒரு விசிறி, சில்லிட்ட குழாய்ச் சுருள், தூசிச் சல்லடை, தண்ணீர் சொட்டும் தட்டு, இவ்வளவுதான். வீட்டுக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப அனுப்புகிறது. தனித்தனி ஏ.சி. என்றால் அந்தந்த அறைக் காற்று அந்தந்த அறையில் சுழலும். ஒரே யந்திரம் என்றால் மூன்று அறைகளும் ஒரே மூக்கால் மூச்சு விடுகின்றன. ஓர் அறையில் கிளம்பும் புகை, மற்ற இரண்டு அறைகளுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

ஆகவே, யந்திரம் எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்பதுதான் முதல் விசாரணை. இழுக்கும் வாய் சமையலறைக்கோ குளியலறைக்கோ எதிரில் இருக்கக் கூடாது. டீசல் ஜெனரேட்டர் நிற்கும் இடத்தின் பக்கமே போகக் கூடாது. தாளிக்கிற நெடியாவது தும்மலோடு போகும். ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும்.

இந்த இடத்தில் பிரசவ வீட்டுக்காரர்கள் கொஞ்சம் நின்று கேளுங்கள். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் கரி நெருப்பில் சாம்பிராணி போடுவது நம் வழக்கம். அந்தக் கரித் தணலிலிருந்தும் இதே விஷ வாயு வருகிறது. ஜன்னல் திறந்திருந்த பழைய வீட்டில் அது வெளியே போயிற்று. கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்திய ஏ.சி. அறையில் அதற்குப் போக்கிடம் இல்லை. குமுட்டி அடுப்புக்கும் இதே விதிதான். கொசுவர்த்திச் சுருளின் புகையும் அறைக்குள்ளேயே சுற்றும். இளைப்புக்காரர் மாமனாருக்கு அது ஆகாது. குளிர் யந்திரம் ஓடும் இடத்தில் நெருப்பும் புகையும் வேண்டாம். பாட்டி கோபித்துக்கொண்டால், யந்திரத்தை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டு, நெருப்புச் சட்டியை அறை வாசலோடு நிறுத்திவிடுங்கள். காலையும் மாலையும் அரை மணி நேரம் ஜன்னல்களைத் திறந்து வைப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே போன காற்று திரும்பி வரவும் வழி வேண்டும். அறைக் கதவைச் சாத்தினால் காற்று அங்கேயே திணறி நிற்கும். கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளியோ, கதவில் சட்டம் போட்ட ஜாலியோ இருக்கட்டும்.

அடுத்தது, தொங்கவிடும் விஷயம். யந்திரத்தை மேல் காங்கிரீட் தளத்தில் துளை போட்டு, இரும்புக் கம்பிகளில் தொங்கவிட வேண்டும். அழகுக்காகப் போடும் பொய்க் கூரையின் சட்டத்தில் அந்தப் பாரத்தை ஏற்றினால், ஒருநாள் கூரையும் யந்திரமும் சேர்ந்து இறங்கும். யந்திரத்துக்கு நேர் கீழே ஓர் ஆள் தோள் நுழையும் அளவுக்குத் திறப்புக் கதவு கட்டாயம். அது இல்லாத வீடுகளில் சல்லடையில் பஞ்சுபோலத் தூசி படிந்து, அதையே எல்லாரும் சுவாசிப்பார்கள். வெயில் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சல்லடையைக் கழுவுங்கள்.

தண்ணீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் மிகும்போது, யந்திரம் குடம் கணக்கில் தண்ணீர் சொட்டும். வடிகுழாய் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிந்து போக வேண்டும். கழிவறைக் குழாயோடு நேரே இணைத்தால் அந்த நாற்றம் படுக்கையறைக்கு வரும். யந்திரத்தின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருந்தால் கூரை நனையாது. தகரக் குழாயின் மேல் நெருப்புப் பிடிக்காத உறை சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஜில்லென்ற தண்ணீர் டம்ளர் வேர்ப்பதுபோல் குழாயும் வேர்த்து, பூஞ்சை பிடிக்கும்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. முதலில் மின்வாரிய ஆபீஸில் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுங்கள். மெயின் போர்டிலிருந்து தனி லைன், தகுந்த கனமுள்ள செப்புக் கம்பி, தனி எம்.சி.பி. வேண்டும். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். எம்.சி.பி. கம்பியைக் காப்பாற்றும், ஆர்.சி.சி.பி. மனிதரைக் காப்பாற்றும். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிடாதீர்கள். மாடியில் வைக்கும் வெளி யூனிட்டுக்கும் நல்ல எர்த் வேண்டும். துணி உலர்த்தும் கம்பியை அதன் இரும்புத் தாங்கியில் கட்டும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ஈரத் துணி, ஈரக் கை, கசியும் மின்சாரம் மூன்றும் சந்திக்க வேறு இடமே வேண்டாம்.

கருகல் வாசனை வந்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். விசிறி ஓடும்வரை புகை அறைக்கு அறை பரவும்.

பொருத்தும் நாளில் ஒரு கண் வைத்திருங்கள். இன்றைய ஏ.சி.களில் பலவற்றில் இருக்கும் ஆர்-32 வாயு மெல்லத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. ஆர்-290 என்பது புரொப்பேனே; எளிதில் தீப்பிடிக்கும். வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். பீடி, சிகரெட் கூடாது. குழாய் கசிகிறதா என்று சோதிக்க நைட்ரஜன்தான் செலுத்த வேண்டும். அவசரத்துக்கு வெல்டிங் பட்டறையிலிருந்து ஆக்ஸிஜன் உருளை வந்தால் வாசலிலேயே தடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். வெளிச் சுவரில் ஏறுகிற பையன் இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறானா என்றும் பாருங்கள். அவனும் ஒரு தாயின் பிள்ளைதானே!

எத்தனை டன் என்பதிலும் குழப்பம் உண்டு. டன் என்பது யந்திரத்தின் எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம். அந்தப் பனிக்கட்டிக் கணக்கே இன்றும் நடக்கிறது. மொட்டை மாடியில் தட்டோடு பதித்து, வெள்ளை பூசிவிட்டால், சிறிய யந்திரமே போதுமானதாகிவிடலாம். 24 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால், குழந்தைக்கும் இதம், பில்லுக்கும் இதம்.

சகோதரிக்கு என் யோசனை: இளைப்புக்காரரும் பச்சைக் குழந்தையும் இருக்கும் வீட்டில் அறைக்கு ஒரு சிறிய யந்திரமே மேல். ஒருவர் அறைப் புகை இன்னொருவர் அறைக்குப் போகாது. ஒன்று பழுதானாலும் மற்றவை ஓடும். ஒரே யந்திரம்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், கடைசித் தவணையைக் கொடுக்குமுன் மூன்று சோதனை செய்யுங்கள். தட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள்; அது முழுதும் வெளியே போக வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை அமுக்குங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். அறைக் கதவைச் சாத்தி, அடி இடைவெளியில் ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். அது வெளிப்பக்கம் பறக்க வேண்டும்.

மூன்றும் சரியாக இருந்தால் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் காப்பி மட்டும் கொடுங்கள்!