திருவக்கரையின் பழைய குழிகளுக்கு யார் பொறுப்பு?

தமிழ்நாடு புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆணையர் அவர்களுக்கு,

சேதராப்பட்டு புதுச்சேரியின் எல்லையில் இருக்கிறது. கல் உடைக்கும் குவாரிகளோ தமிழ்நாட்டின் வானூர் வட்டத்தில். ஜல்லி லாரியின் புழுதி ஒரு அரசின் வீட்டில் விழுகிறது, அனுமதி இன்னொரு அரசின் மேசையில் கிடைக்கிறது. மனு எங்கே போனாலும் அடுத்த பக்கம் கைகாட்ட வசதி. மக்கள் சலித்துப்போனார்கள்.

குவாரி விதிகள் உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த மடல் வானூர் வட்டத்தின் ஒரே ஊரைப் பற்றியது: திருவக்கரை.

1781-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா இங்கே கல்லாகிப்போன மரங்களைக் கண்டார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. வேரும் கிளையும் இல்லாமல் கிடப்பதே அதற்குச் சாட்சி. மரம் மெல்ல மெல்லச் சிலிகாவாக மாறியது. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 247 ஏக்கரைத் தேசியப் புவியியல் சின்னமாகக் காத்துவருகிறது.

அந்த ஊரைச் சுற்றித்தான் வெடி வைத்துக் கருங்கல் எடுக்கிறார்கள். கல் தீர்ந்த குழிகள் செங்குத்துச் சுவர்களோடு தண்ணீர் தேங்கிக் கிடக்கின்றன. ஆடு மேய்க்கும் பிள்ளை வழுக்கி விழுந்தால் பிடித்து ஏற வழியில்லை.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுத்தபின், அதை மூடியிருந்த மண் மிஞ்சுகிறது. அதைக் கொண்டே குழியை நிரப்பி மரம் நடுகிறார்கள். கல் குவாரியில் பாறையே லாரியேறிப் போய்விடுகிறது. நிரப்ப என்ன மிச்சம்? இது தெரிந்தும், குழி எப்படி நிலமாகத் திரும்பும் என்று கேட்காமல் குவாரி மூடல் திட்டத்தை ஏற்பது அநியாயம்.

சுரங்கம் தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பது குத்தகைதாரரின் கடமை, அதைக் குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. திருவக்கரையில் எந்தக் குழியின் கரையில் அந்தப் புல் முளைத்திருக்கிறது? ஒன்றையாவது காட்டுங்கள்.

குவாரிகளைத் தனித்தனியாக மதிப்பிட்டால் ஒவ்வொன்றின் பாதிப்பும் சிறிதாகத்தான் தெரியும். கிணற்று நீர்ப் பாதிப்பும் வெடியதிர்வும் புழுதியும் மொத்தமாக வந்து சேர்வது ஊரின் மீது. மொத்தமாக அளக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் சேதராப்பட்டும் இருக்கட்டும்.

கைவிட்ட குழி ஒவ்வொன்றின் சர்வே எண்ணையும் குத்தகைதாரர் பெயரையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். அது முடியும்வரை வானூர் வட்டத்தில் ஒரு புதிய குவாரிக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

குழிகளைச் சுற்றி வேலி மட்டும் எதற்கும் காத்திருக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதைப் போட்டுக் கொடுங்கள், ஐயா.