வயிற்று வலி என்று சொல்லி வருகிறவர்கள்



ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10ம் தேதி உலக மனநல நாள் கடைபிடிக்கப்படுகிறது. 1992ம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. பேரணி நடக்கும், கருத்தரங்கு நடக்கும், மறுநாள் எல்லாரும் மறந்துவிடுவோம். ஆனால் மனநோயால் துன்புறும் நம் மக்களில் பலர் அன்றும் மறுநாளும் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். தங்களுக்கு இருப்பது மனநோய் என்று அவர்களுக்கும் தெரியாது. பார்க்கிற மருத்துவருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை.

அவர்கள் சொல்வது என்ன? உடம்பெல்லாம் வலி, கை கால் அசதி, நெஞ்சு படபடப்பு, தலை பாரம், வயிற்று எரிச்சல், தூக்கம் வரவில்லை. வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கிடைக்கும், கேட்டால் ஓர் ஊசியும் போடுவார்கள். பத்து நாள் கழித்து அதே ஆள், அதே வரிசை. "இந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை, சும்மா வருகிறார்" என்று பெயரும் வந்துவிடும். ஒன்றுமில்லாமல் ஒருவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வெயிலில் வந்து நிற்பாரா?

உலக சுகாதார நிறுவனம் 1990களில் 14 நாடுகளில் 15 மையங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. நம் நாட்டிலிருந்து பெங்களூரு அதில் இடம்பெற்றது. பொது மருத்துவரிடம் வருகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனநலக் குறைபாடு இருந்தது. அவர்களில் பாதிப்பேரைத்தான் மருத்துவர்கள் அடையாளம் கண்டிருந்தனர். அதே ஆய்விலிருந்து 1999ல் வெளிவந்த மற்றொரு முடிவு நாம் நின்று யோசிக்கவேண்டியது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் 69 விழுக்காட்டினர் உடல் தொந்தரவுகளை மட்டுமே சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆனால் மனத்துயரம் உண்டா என்று நேரடியாகக் கேட்டபோது, இல்லை என்று மறுத்தவர்கள் 11 விழுக்காட்டினர் மட்டுமே. மக்கள் மறைக்கிறார்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்கு நேரம் எங்கே என்று மருத்துவர் திருப்பிக் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017ல் வந்த ஆய்வின்படி, நம் நாட்டில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 2 நிமிடம். சுவீடன் நாட்டில் 22 நிமிடம். காய்ச்சலும் பிரசவமும் சர்க்கரையும் பாம்புக்கடியும் ஒரே வாசலில் வந்து நிற்க, ஒரு மருத்துவர் எத்தனை கேள்விதான் கேட்பார்?

இரண்டு கேள்வி போதும் என்கிறார்கள், தொடக்கத்திற்கு. கடந்த இரண்டு வாரங்களில் எந்த வேலையிலும் ஈடுபாடு இல்லாமல், எதிலும் மகிழ்ச்சி இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? பெரும்பாலான நாள்கள் அப்படித்தான் என்று பதில் வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். இவை நோயை முடிவுசெய்யும் கேள்விகள் அல்ல. இரத்தசோகையாலும் தைராய்டு கோளாறாலும்கூட அசதி வரும். அதைப் பார்க்காமல் "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிடுவதும் தவறே.

இந்தக் கேள்விகளை மருத்துவரே கேட்கவேண்டும் என்பதும் இல்லை. கோவாவில் மருத்துவர் விக்ரம் பட்டேலும் அவருடன் உழைத்தவர்களும் 12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 12 தனியார் மருத்துவர்களிடமும் இதைச் செய்து பார்த்தார்கள். வருகிறவர்களிடம் 12 கேள்விகள் கேட்டு நோயுள்ளவர்களை அடையாளம் கண்டார்கள். பாதி இடங்களில், மருத்துவத் துறைப் பின்னணி இல்லாத உள்ளூர்ப் பட்டதாரிப் பெண்கள் இரண்டு மாதப் பயிற்சி பெற்று, ஆலோசகர்களாக உடனிருந்தார்கள். 2010ல் முடிவுகள் வெளிவந்தன. அரசு நிலையங்களில், இவர்கள் உதவி பெற்றவர்களில் 6 மாதத்தில் 100க்கு 66 பேர் நலமடைந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 43 பேர். தனியார் மருத்துவர்களிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை. ஏழைகள் செல்லும் இடத்தில்தான் பயன் அதிகம் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சட்டமும் இதற்குச் சார்பாகவே இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. அரசு மருத்துவர்கள் அனைவருக்கும் அடிப்படை மனநல சிகிச்சையில் பயிற்சி தரவேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் 2015-16ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் 85 விழுக்காட்டினர் சிகிச்சை இல்லாமலே இருந்ததைக் காட்டியது. 12 மாநிலங்களில் நடந்த அந்த ஆய்வில் நம் தமிழ்நாடும் உண்டு.

நாளிதழில் அடிக்கடி வாசிக்கிறோம்: "தீராத வயிற்று வலியால் பெண் விஷம் குடித்தார்." அந்த வயிற்று வலிக்கு அவர் எத்தனை முறை மருத்துவமனைக்குப் போயிருப்பார், எத்தனை முறை மாத்திரையோடு திரும்பியிருப்பார் என்று செய்தி சொல்வதில்லை. உயிர் பிழைத்தவர்களைக் கொண்டுவரும்போதும் குடும்பத்தார் "தெரியாமல் குடித்துவிட்டாள்" என்கிறார்கள். போலீஸ் வழக்கு வரும் என்ற பயம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அந்தத் தண்டனைச் சட்டத்தோடு நீங்கிவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டமோ, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமையை அரசிடம் ஒப்படைக்கிறது. ஆகவே மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். உண்மை தெரியாவிட்டால் வயிற்றைக் கழுவி அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

நம் பக்கம் சொல்லவேண்டியதும் உண்டு. ஒரு பிள்ளை தனக்குத்தானே பேசினாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, நம்மில் பலர் சுகாதார நிலையத்திற்குப் போகுமுன் தியானக் கூட்டத்திற்குப் போகிறோம். செபிப்பது நல்லது; வாருங்கள், சேர்ந்து செபிப்போம். ஆனால் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1673ம் எண்ணில், மனநோய் வேறு, அதற்குச் சிகிச்சை அளிப்பது மருத்துவத்தின் பணி என்று தெளிவாகச் சொல்கிறது. "விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து" என்று எவராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய போதகராக இருந்தாலும், கேட்காதீர்கள்.

சுகாதார நிலையத்திற்குப் போகும்போது வீட்டில் ஒருவர் உடன் செல்லுங்கள். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடு குறைந்திருக்கிறதா, சாவைப் பற்றிப் பேசினாரா என்பதை அந்த 2 நிமிடத்தில் முதலில் சொல்லுங்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போதும் சொல்லலாம். குழந்தை பெற்ற சில வாரங்களில் காரணமின்றி அழும் தாயைப் பற்றி அவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அவசரம் என்றால் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இச்சேவை இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.