செஞ்சிக் கோட்டையில் ஒரு குரங்கு செத்தால்... காரணத்தைச் சொல்லிவிடுமா நானோ சென்சார்?

ராஜகிரி படிகளில் ஏறுபவர்களுக்கு முதல் பாடம், சிப்ஸ் பாக்கெட்டைப் பைக்குள் போட்டுவிட வேண்டும் என்பதுதான். செஞ்சிக் குரங்குகள் மனிதர்களிடம் அவ்வளவு நெருக்கம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். கூட்டம் இனி கூடத்தான் செய்யும். ஆனால் நெருக்கம் என்பது வைரஸுக்கும் வழி, அதுவும் இரண்டு பக்கமும்.

வண்டலூர் அதைக் காட்டியது. 2021 மே மாதக் கடைசியில் அங்கே சில சிங்கங்கள் சாப்பிடாமல், இருமத் தொடங்கின. மாதிரிகள் போனது எங்கே தெரியுமா? போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்கு. 11 சிங்கங்களில் 9-க்கு கொரோனா என்று தெரியவந்த ஜூன் 3-ம் தேதியே, 9 வயது நீலா இறந்துபோனது. ஜூன் 16-ல் பத்மநாதனும் இறந்தது. கூண்டில் கண்ணெதிரே இருக்கும் விலங்குக்கே இந்த நிலை என்றால் காட்டில்?

இங்கேதான் நானோ சென்சார் வருகிறது. பெயர்தான் பெரிது, கொரோனா காலத்தில் வீட்டில் பயன்படுத்திய ரேபிட் டெஸ்ட் கிட்டும் இந்த ரகம்தான். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்களில், குறிப்பிட்ட வைரஸை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை ஒட்டுகிறார்கள். மாதிரியில் வைரஸ் இருந்தால் துகள்கள் அதோடு சேர்ந்து ஒரு கோட்டில் சிக்கிக்கொள்ளும். அவ்வளவு பொடியான தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். கிட்டில் பார்த்த சிவப்புக் கோடு அதுதான்!

அப்படியானால் காட்டுக்கு எடுத்துப் போக வேண்டியதுதானே? பிரச்சினை சென்சாரில் இல்லை, மாதிரியில். புலியிடம் மூக்கைக் காட்டச் சொல்ல முடியாது. மயக்க ஊசி போட வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும். எச்சம், கடித்துப்போட்ட பழத்தில் ஒட்டிய எச்சில் என்று தேடலாம். ஆனால் வெயிலில் கிடந்ததில் வைரஸ் சிதைந்திருக்கும். குறைந்த அளவு வைரஸை ஸ்டிரிப் தவறவிடவும் கூடும். நாய்க்காகச் செய்த கிட் சிங்கத்துக்கும் அதே துல்லியத்தில் வேலை செய்யும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் ஒரு மாதத்துக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் பலவற்றைத் தாக்கிய கெனைன் டிஸ்டெம்பர், நாய்களுக்கும் வரும் வைரஸ்தான்.

ஆக, 'நெகட்டிவ்' என்ற பதிலை நம்பி உட்கார முடியாது. 'பாசிட்டிவ்' வந்தால் மட்டும் உடனே உஷாராகலாம், ஆய்வக முடிவு வரும்வரை அந்தக் கூட்டத்தைத் தனியாகக் கண்காணிக்கலாம். அந்தச் சில நாட்கள்தான் முக்கியம்.

குரங்கு விஷயத்தில் இது இன்னும் சீரியஸ். 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் வரிசையாகச் செத்தபோதுதான் 'குரங்குக் காய்ச்சல்' வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது (குரங்கு அம்மை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). உண்ணி கடித்தால் மனிதருக்கும் வரும். 2012-ல் நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் அது இருந்தது. இதற்காக பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் பரிசோதனையை புனே தேசிய வைராலஜி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அது நானோ சென்சார் இல்லை, கையடக்க பிசிஆர். ஆனால் ஆய்வகத்தைக் காட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் வேலையை இப்போதைக்குச் செய்வது அதுதான்.

செஞ்சியில் இந்த நோய் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கோட்டையில் செத்துக் கிடக்கும் குரங்கைப் பார்த்தால் தொடாமல், பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்காமல், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். எந்த சென்சாரும் வேலை செய்ய, முதலில் ஒரு ஆள் தகவல் சொல்ல வேண்டியிருக்கிறது.