பாரிஸ் பேரன் பேசினால் மட்டும் இனிக்கிறதா?

புதுச்சேரிப் பக்கம் எங்கள் நெட்டப்பாக்கத்தில் பையன்கள் வாயைத் திறந்தாலே பெரியவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. 'மாமே', 'ப்ரோ', 'வேற லெவல்' என்று நாலு வார்த்தை விழுந்தால் போதும், "ரவுடிப் பாஷை, இதெல்லாம் எங்க உருப்படப் போவுது?" பாலிடெக்னிக் முடித்த என் அக்கா மகனைப் பாண்டியில் ஒரு கடையில் சான்றிதழைக்கூடப் பிரிக்காமல், பேச்சை மட்டும் கேட்டுவிட்டு "அப்புறம் சொல்றோம் தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் தெருவிலேயே ஒரு சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீடு. 1962-இல் பாண்டியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் அமலானபோது, ஆறு மாதக் கெடுவுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக்கொடுத்த குடும்பம். ஆகஸ்ட் லீவுக்குப் பேரன் பாரிஸ் புறநகரான சார்செல்லிலிருந்து வந்து இறங்குகிறான். இரண்டு பேச்சுக்கு ஒரு 'வெஷ்'. 'மெர்சி'யைப் புரட்டிப்போட்டு 'சிமேர்' என்கிறான். நம் ஆட்கள் வாய் பிளந்து, "பிள்ளை என்னமா பிரெஞ்சு பேசுது!" என்கிறார்கள்.

அட கடவுளே! அது அல்ஜீரியா, மாலி, பாண்டி, யாழ்ப்பாணம் என்று பல ஊர்ப் பிள்ளைகள் பாரிஸ் புறநகர் அடுக்குமாடி வாசலில் கூடிப் பழகிய தெருப்பேச்சு. 'வெஷ்' அல்ஜீரிய அரபி. "இன்டர்வியூவுக்கு இந்த வாயோட போனா அங்கயும் துரத்திடுவாங்க மாமா" என்று அவனே சொல்கிறான். பெர்லின் பையன்களின் இதே மாதிரிக் கலப்புப் பேச்சை ஜெர்மனின் புது வட்டார வழக்கு என்று ஹைக்க வீஸ என்ற பேராசிரியை 2012-இல் புத்தகம் போட்டதற்கு அவருக்கு வசவுக் கடிதங்கள் குவிந்தன. எங்கேயும் பெரியவர்கள் பெரியவர்கள்தான் போலிருக்கிறது.

கலப்பைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை? 1954-இல் பாண்டிக்கு முன்பே பிரெஞ்சுக்காரன் பிடியிலிருந்து கழன்ற ஊர் என்று மார்தட்டிவிட்டு, வரி கட்டப் போவது இன்னமும் பிரெஞ்சுப் பெயரிலேயே இருக்கும் கொம்யூன் ஆபீசுக்கு.

அக்கா மகன் இப்போது திருபுவனை பக்கம் ஒரு கம்பெனியில் பீகார், ஒடிசாப் பையன்களோடு ஷிப்ட் பார்க்கிறான். அவர்கள் இவனை 'அண்ணா' என்கிறார்கள், இவன் 'பையா' என்கிறான். சூப்பர்வைசரிடம் ஒரு தமிழ், ஆயாவிடம் இன்னொரு தமிழ். ஆயாவிடம் ஒரு 'மாமே' வந்து நான் கேட்டதில்லை. இந்தச் சாமர்த்தியம் யார் கண்ணிலாவது படுகிறதா? டீக்கடையில் கூட்டாளிகளோடு பேசியது மட்டும் எல்லார் காதிலும் விழுந்துவிடும்.

நேற்று பாரிஸ்காரன் இவனை 'ஃப்ரெர்' என்றான், இவன் அவனை 'மச்சி' என்றான். இரண்டும் சேர்ந்து என் வண்டியை எடுத்துக்கொண்டு மடுகரை வரை சுற்றிவிட்டு, டேங்கைக் காலியாக்கிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. திட்டுவதாக இருந்தால் அதற்குத் திட்டுங்களேன்!