அவசர காலக் கல்வி: கூடாரங்களை எண்ணினால் மட்டும் போதுமா?

பூகம்பம், வெள்ளம், போர்... எது வந்தாலும் முதலில் கணக்கெடுப்பது தண்ணீர், சாப்பாடு, மருந்து, தங்க இடம். அது நியாயம்தான். பள்ளிக்கூடம் பட்டியலில் கடைசியாகத்தான் வரும். உலக அளவில் மனிதாபிமான உதவிக்குச் செலவாகும் பணத்தில் கல்விக்குக் கிடைப்பது பல வருடங்களாகவே 5 சதவீதத்துக்கும் கீழே.

ஆனால் பணப் பற்றாக்குறை மட்டும்தான் பிரச்சனையா? இல்லை. தேவை என்ன என்று கேட்கும்போது எதைக் கேட்கிறோம் என்பதும் பெரிய பிரச்சனை. இதற்கு வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரை விடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு, சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து எல்லை தாண்டி வந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். இப்படி ஒரு கூட்டம் வந்து இறங்கும்போது ஒருங்கிணைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? சாலையோர முகாமுக்குப் பத்து தொண்டு நிறுவனங்கள் போகும், குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் முகாமுக்கு ஒருவரும் போக மாட்டார்கள். இதைத் தவிர்க்கத்தான் 2005-இல் ஐ.நா. துறைவாரியான ஒருங்கிணைப்பு முறையைக் கொண்டு வந்தது. 2006-இல் கல்வியும் அதில் சேர்ந்தது. யுனிசெஃப், சேவ் த சில்ட்ரன் ஆகிய இரண்டும் சேர்ந்து அதை நடத்துகின்றன. காக்ஸ் பஜாரிலும் கல்விக்கு இப்படி ஒரு கூட்டு ஏற்பாடு உண்டு.

எண்ணிக்கையில் பார்த்தால் அது பெரிய சாதனை. இரண்டு மூன்று வருடங்களில் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு 3,000-க்கும் மேற்பட்ட கற்றல் மையங்கள் எழுந்தன. இடம் போதாததால் ஷிஃப்ட் முறை. ஒரு குழந்தைக்கு நாளுக்குச் சுமார் இரண்டு மணி நேரம். எத்தனை மையம், எத்தனை குழந்தை, எத்தனை பை... எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது.

கணக்கில் வராதது ஒன்று உண்டு. அந்த இரண்டு மணி நேரத்தில் எந்த மொழியில், எந்தப் பாடத்தை, எந்தத் தேர்வுக்காகப் படிப்பது?

முதலில் மொழி. ரோஹிங்கியா மொழியும் உள்ளூர் சிட்டகாங் மொழியும் நெருங்கிய உறவு. 'கிட்டத்தட்ட ஒன்றுதானே' என்றுதான் பலரும் நினைத்தார்கள். எல்லைகளற்ற மொழிபெயர்ப்பாளர்கள் என்ற அமைப்பு சோதித்துப் பார்த்தபோது, மூன்றில் ஒருவருக்கு மேல் சிட்டகாங் மொழியில் ஒரு எளிய வாக்கியத்தைக்கூடப் புரிந்துகொள்ளவில்லை! வகுப்பறையில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவர்களோ உள்ளூர் வங்கதேச ஆசிரியர்கள். பர்மிய மொழிக்கு மட்டும் ரோஹிங்கியா தன்னார்வலர்கள்.

அடுத்து பாடத்திட்டம். அகதிகளுக்கு வங்க மொழியும் வங்கதேசப் பாடத்திட்டமும் சொல்லித்தரக் கூடாது என்பது அரசின் முடிவு. மியான்மர் பாடத்திட்டத்துக்கும் அனுமதி இல்லை. எனவே புதிதாக ஒரு முறைசாராப் பாடத்திட்டம் தயாரித்தார்கள். அதைப் படித்து முடித்தால் எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் சான்றிதழ் கிடையாது. பெற்றோர் கேட்டது வேறு. ஊரில் பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து, அதே மியான்மர் பாடங்களைத் தொடர வேண்டும் என்றார்கள். முகாமுக்குள்ளேயே ரோஹிங்கியா ஆசிரியர்கள் தங்கள் குடிசைகளில் அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். விடை கண்ணெதிரே இருந்தது.

அரசு 2020 ஜனவரியில் மியான்மர் பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் சொன்னது. கொரோனாவும் சேர்ந்துகொள்ள, அது வகுப்பறைக்கு வந்தது 2021 இறுதியில். 2017-இல் 12 வயதாக இருந்த பையனுக்கு அப்போது 16 வயது. அதே டிசம்பரில் குடிசைப் பள்ளிகளை மூடச் சொல்லி உத்தரவும் வந்தது!

வங்கதேசத்தைக் குறை சொல்வது சுலபம். ஏற்கெனவே நெரிசலான நாடு, லட்சக்கணக்கானவர்களுக்கு இடம் கொடுத்தது. வங்க மொழியில் படிக்கவைத்தால் இங்கேயே தங்கிவிடுவார்கள் என்ற அதன் பயம் கற்பனையானதும் அல்ல. ஆனால் அந்தப் பயத்தை வைத்தே பார்த்தாலும், திரும்பிப் போக உதவும் படிப்பு மியான்மர் பாடம்தானே? அதற்கு நான்கு வருடம் ஆனதற்கு நியாயம் சொல்ல முடியாது.

'உயிர் பிழைப்பதே பெரிய விஷயம், பாடத்திட்டம் அப்புறம் பார்க்கலாம்' என்பார்கள் சிலர். முதல் ஒரு மாதத்துக்கு இது சரி. ஆனால் அகதி வாழ்க்கை மாதக் கணக்கில் முடிவதில்லை. 'அப்புறம்' என்று தள்ளிப் போட்டால் ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவமே முடிந்துவிடும்.

ஆகவே அவசர காலத்தில் முதல் வாரக் கணக்கெடுப்புப் படிவத்திலேயே மூன்று கேள்விகள் இருக்க வேண்டும். குழந்தைக்குப் புரியும் மொழி எது? எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் படிப்பு நின்றது? யார் கொடுக்கும் சான்றிதழ் செல்லும்? நான்காவதாக, இங்கே ஏற்கெனவே யார் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் முகாம்களைப் பங்கு பிரித்தால் மட்டும் போதாது. தேர்வையும் சான்றிதழையும் பற்றி அரசிடம் முதல் நாளிலிருந்தே பேச வேண்டும்.

2025 ஜூனில் வெளிநாட்டு நிதி சுருங்கியபோது, சிறு வகுப்புகள் நின்றன, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். நன்கொடையை மட்டும் நம்பிக் கட்டியது நன்கொடை நின்றால் நின்றுவிடும். ரோஹிங்கியா ஆசிரியர்களைத் தொடக்கத்திலிருந்தே பயிற்சி கொடுத்து வளர்த்திருந்தால், பாதி வகுப்புகளாவது தாக்குப் பிடித்திருக்கும். மூங்கில் கொட்டகையை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டலாம். போன வருடங்களைத்தான் யாராலும் கட்ட முடியாது.