நெஞ்சுவலியிலும் ஏழை, பணக்காரர் உண்டோ?



எருசலேம் நகரில் பெத்சதா குளத்தின் கரையிலே, 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவரை யோவான் நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். நலமடைய விருப்பமா என்று ஆண்டவர் அவரை வினவுகிறார். அம்மனிதரோ தம் நோயைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. நீர் கலங்கும் வேளையில் தம்மைத் தூக்கிச் செல்வார் எவருமிலர் என்றும், தாம் போய்ச் சேர்வதற்குள் வேறொருவர் முந்திவிடுகிறார் என்றும் முறையிடுகிறார். மருந்து கண்ணெதிரே இருந்தது. கொண்டு சேர்க்கத்தான் ஆளில்லை. இன்று நம் நாட்டில் இதய நோயாளர் பலருடைய நிலையும் இதுவே.

மாரடைப்பு வசதி படைத்தோரின் வியாதி என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. உட்கார்ந்து உண்பவருக்கு வருவது, உழைத்து உண்பவரை அண்டாது என்பர். 17 நாடுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2014-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று இப்பேச்சைப் பொய்யாக்கிவிட்டது. நோய்க்கு வழிகோலும் கேடுகளின் கூட்டளவு செல்வ நாடுகளிலேதான் மிகுதி. ஆயினும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை கண்டோருள் உயிரிழந்தவர், செல்வ நாடுகளில் நூற்றுக்கு 6.5 பேர், ஏழை நாடுகளில் 17.3 பேர். நோயின் காரணம் அங்கே அதிகம். சாவு இங்கே அதிகம்.

நாட்டுக்கு நாடு உள்ள இவ்வேற்றுமை, நம் நாட்டுக்குள்ளே தெருவுக்குத் தெருவும் உண்டு. இந்திய ஆயர் பேரவை 1963-இல் பெங்களூரில் நிறுவிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வொன்றை இங்கே எடுத்துரைப்பது தகும். 2001 முதல் 2005 வரை, 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளுக்கு மாரடைப்பு முதலிய அவசர நிலையில் வந்த 20,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களை அவர்கள் திரட்டி, 2008-இல் வெளியிட்டனர். 30 நாளுக்குள் இறந்தோர் வசதியுள்ளவர்களில் நூற்றுக்கு 5.5 பேர், ஏழைகளில் 8.2 பேர். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை வசதியுள்ளவர்களில் நூற்றுக்கு 61 பேருக்குக் கிடைத்தது. ஏழைகளில் 36 பேருக்கே கிடைத்தது. அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்துவிடும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையோ அவர்களில் 15 பேருக்கு. இவர்களில் 2 பேருக்கு.

அம்மருத்துவர்கள் இன்னுமொரு கணக்கும் பார்த்தனர். இருசாராரும் பெற்ற சிகிச்சையில் இருந்த வேற்றுமையை ஈடுசெய்து கணக்கிட்டபோது, சாவில் இருந்த வேற்றுமை மறைந்துபோயிற்று! இதன் பொருளை நாம் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். ஏழையின் இதயம் இயல்பிலேயே நலிந்ததன்று. அவனுக்குக் கிடைக்காமற் போனது சிகிச்சையே. அடக்கத் திருப்பலிக்குப்பின் "ஆண்டவர் சித்தம்" என்று கூறி ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறோம். தேறுதல் வேண்டியதுதான். ஆனால் வண்டி கிடைக்காததையும், பணம் புரட்ட இயலாததையும் ஆண்டவர்மேல் சுமத்துவது நீதியாகுமோ?

காரைக்காலில் வாழும் நமக்குத் தூரமும் ஒரு சுமை. மூன்று புறமும் தமிழ்நாடு, ஒரு புறம் கடல். நம் ஆட்சிப் பகுதியின் தலைநகராகிய புதுச்சேரியோ, சீர்காழி, சிதம்பரம், கடலூர் ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்கு அப்பால். சாதாரண நாளில் இத்தூரம் பயணக் களைப்பு மட்டுமே. நெஞ்சுவலி கண்ட இரவில் அது உயிர்ப் பிரச்சினை. பிரான்சில் வேலை செய்யும் மகனோ, அந்நாட்டு ஓய்வூதியமோ உள்ள குடும்பம் ஒரு காரை அமர்த்திக்கொள்ளும். கிளிஞ்சல்மேட்டு மீனவரும், நெடுங்காட்டு வயற்கூலியாளும் என்செய்வர்?

ஆயினும் தூரத்தை வெல்லலாம் என்பதற்கு அண்டையிலேயே சான்று உண்டு. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை நான்கு வட்டாரங்களில், சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு ஆம்புலன்சு வழியாகவும் செய்தித் தொடர்பு வழியாகவும் இணைத்துப் பார்த்தனர். கடும் மாரடைப்புக்குப்பின் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். புதுமருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருந்து உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது, அவ்வளவே.

நேரத்தை இழப்பது பெரும்பாலும் வீட்டில்தான். மேற்சொன்ன பெங்களூர் ஆய்வில், நோயாளருள் சரிபாதிப் பேர் மருத்துவமனையை அடைய ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஆயிற்று. "வாய்வுதான், ஓமத்தண்ணீர் குடித்தால் சரியாகும்" என்று விடியும்வரை காத்திருக்கிறோம். நடுநெஞ்சில் அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் காத்திருத்தலாகாது. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோர்க்கும் வலியே இன்றி, களைப்பும் மூச்சுமுட்டலும் மட்டும் காணலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

இனி, வருமுன் காத்தலைப்பற்றி ஒரு சொல். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் அதை வாங்க வரிசையில் நிற்கும் தாய்க்கு ஒரு நாட்கூலி போகிறதே! அதனால்தான் "உடம்பு நன்றாய்த்தானே இருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். இதை உணர்ந்தே தமிழ்நாட்டரசு 2021-இல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற பெயரில் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கத் தொடங்கிற்று. அது எல்லைக்கு அப்பாலுள்ள அரசின் திட்டம். எனினும் அதன் உட்பொருளை நம் அன்பியங்கள் கைக்கொள்ளத் தடை ஏது?

வேல்சு நாட்டில் கிளின்கோரக் என்னும் ஏழைச் சுரங்கத் தொழிலாளர் சிற்றூரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் இருந்தார். மருத்துவத் தேவை எங்கே மிகுதியோ அங்கே நல்ல மருத்துவம் அரிதாகிறது என்று 1971-இல் எழுதி உலகின் மனச்சான்றைத் தொட்டவர் அவர். எழுதியதோடு அமையாமல், நோய் என்று வந்தவரை மட்டுமன்றி, தம் பொறுப்பிலிருந்த ஊராரையெல்லாம் தேடி இரத்த அழுத்தம் பார்த்து, இடைவிடாது கவனித்துவந்தார். 25 ஆண்டுகளின் கணக்கை 1991-இல் வெளியிட்டபோது, அவ்வூரில் அகால மரணங்கள் அயலூரைவிடக் குறைந்திருந்தன.

அவரிடம் ஊர்ப்பதிவேடு இருந்தது. நம்மிடம் பங்கின் குடும்பப் பதிவேடு இருக்கிறது. ஆகவே நம் பங்குகளுக்கு நான்கு காரியங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, 30 வயது கடந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறையேனும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க, அன்பியந்தோறும் ஏற்பாடு செய்தல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுத் தொழிலாளர் கரையிலிருக்கும் அந்நாட்களே மீனவ ஊர்களுக்கு ஏற்றவை.

இரண்டாவது, மாத்திரை உண்போரின் பட்டியலை அன்பியத்தில் ஒருவர் வைத்திருந்து, நடக்க இயலாதோர்க்கும் கூலிக்குச் செல்வோர்க்கும் மருத்துவமனை விதித்தபடி மருந்து வாங்கித் தர உதவுதல்.

மூன்றாவது, ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டையை நோய் வருமுன்பே எடுத்துவைத்தல். 70 வயது நிரம்பியோர் அனைவரும், வருமானம் எதுவாயினும், 2024 முதல் அதற்கு உரியவர்.

நான்காவது, இரவில் வண்டி தர இசைவோரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஆலய வாயிலில் எழுதிவைத்தல். இதில் ஊர்த்தெரு, காலனித்தெரு என்ற பாகுபாடு கூடவே கூடாது. ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர், ஒரே வண்டியில் அமரத் தயங்குவரேல் நம் நற்கருணைப் பக்திக்குப் பொருள் ஏது?

புகையையும் மதுவையும் விலக்குங்கள், கருவாட்டிலும் ஊறுகாயிலும் உப்பைக் குறையுங்கள் என்று நான் மேடையில் நின்று சொல்வது எளிது. மலிவான மதுவுக்குப் பெயர்போன இப்பகுதியில் அதைச் சொல்லியே தீர வேண்டும். எனினும் அறிவுரையோடு நம் கடமை முடிந்துவிடாது. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவனை நால்வர் சுமந்து வந்தனர். கூட்டம் வழிவிடாதபோது கூரையைப் பிரித்து இறக்கினர். ஆண்டவர் கண்டு வியந்தது சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையையும் அன்றோ! ஒவ்வொரு தெருவிலும் அத்தகைய நால்வர் எழுவாராக.