குண்டின் எடை

வேட்டை நூல்களை வாசிக்கும்போது நம்மில் பெரும்பாலோர் எண்களைத் தாவிவிடுகிறோம். புலி எந்தப் புதரில் படுத்திருந்தது, மான் எப்போது எச்சரிக்கைக் குரல் கொடுத்தது என்பதெல்லாம் நினைவில் நிற்கும். எழுதியவர் கையில் இருந்த ரைஃபிள் எது, அதன் தோட்டாவில் இருந்த குண்டு என்ன எடை என்று கேட்டால் விழிப்போம். தி.ஜ.ர.வின் தமிழில் ஜிம் கார்பெட்டைப் படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். அவை துப்பாக்கிப் பித்தர்களுக்கான செய்திகள், இலக்கியத்துக்குப் புறம்பானவை என்றொரு எண்ணம் நமக்குள் படிந்திருக்கிறது. வேட்டைக்காரனின் அறம் அந்த எண்களில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. விருதுநகர் மாவட்டத்தின் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டுகிற இன்றைய நாளில், அது நூலகத்துக்குள் முடிந்துபோகும் வழக்கும் ஆகாது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வது மரபு. ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், பெயரே தானியமணியிலிருந்து வந்தது. நம் பொற்கொல்லர் தராசில் இருந்த குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின் வரும். உயிரை எடுக்கும் ஈயத்தையும் தாலிக்கான பொன்னையும் மனிதர்கள் விதைகளைக் கொண்டே நிறுத்திருக்கிறார்கள்.

சம்பாவத் ஆட்கொல்லியை 1907இல் கொன்றதற்காகக் கார்பெட்டுக்கு ஒரு ரைஃபிள் பரிசளிக்கப்பட்டது. லண்டன் ரிக்பி நிறுவனத்தின் .275. அதன் தோட்டாவில் 140 கிரெயின் குண்டு, அதாவது சுமார் ஒன்பது கிராம். அதே குழலில் செல்லக்கூடிய பழைய ஜெர்மானியத் தோட்டாவின் குண்டோ 173 கிரெயின். வித்தியாசம் இரண்டு கிராம்தான். ஆனால் அந்த இரண்டு கிராமில் இரண்டு வேறு துப்பாக்கிகள் ஒளிந்திருக்கின்றன. எடை குறைந்த குண்டு வேகமாகப் போகும். அதன் பாதை தட்டையாக இருக்கும். தொலைவைக் கணிப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் குறி பெரிதாகத் தவறாது. எடை கூடிய நீண்ட குண்டு மெதுவாகப் போகும், விரைவில் தாழும், ஆனால் எலும்பைக் கண்டு நின்றுவிடாது. கரமோஜா பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை வீழ்த்தியவர் (அந்த எண்ணிக்கையை இன்று படிக்கையில் வயிற்றைப் பிசைகிறது). அவற்றில் பெரும்பாலானவற்றை இந்தச் சிறிய குழலால், முழு உலோக உறையிட்ட 173 கிரெயின் குண்டால் வீழ்த்தினார். யானை மண்டையோட்டின் அமைப்பை அறிந்திருந்ததால் மூளைக்குச் செல்லும் ஒற்றை வழியை அவரால் தேர்ந்துகொள்ள முடிந்தது. அதே யானையை 140 கிரெயின் மென்முனைக் குண்டால் சுட்டிருந்தால் அது வழியிலேயே சிதைந்து நின்றிருக்கும். யானை வலியோடு ஓடியிருக்கும். எந்த உயிரை, எவ்வளவு தொலைவில், உடலின் எந்த இடத்தில் என்ற மூன்று கேள்விகளுக்குப் பின்னரே எடையைப் பற்றிப் பேச முடியும்.

இன்னொரு முரணும் உண்டு. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையில் 1890களில் முனையில் ஈயம் வெளித்தெரியும் குண்டு உருவாக்கப்பட்டது. உடலுக்குள் புகுந்ததும் காளான்போல் விரிவது அதன் இயல்பு. மனிதர்மீது பயன்படுத்தத் தகாத கொடுமை என்று 1899இல் ஹேக் மாநாடு விரிவடையும் குண்டுகளைப் போரிலிருந்து விலக்கியது. வேட்டைச் சட்டங்களோ பல நாடுகளில் நேர் எதிராகச் சொல்கின்றன: விலங்கை மென்முனைக் குண்டால்தான் சுட வேண்டும், உறையிட்ட குண்டு கூடாது. காரணம் எளியது. உறையிட்ட குண்டு மானின் உடலைத் துளைத்து மறுபுறம் வெளியேறிவிடும். மான் ஓடிப்போய், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்து சாகும். போர்க்களத்தில் கொடுமையென விலக்கப்பட்டது காட்டில் கருணையென விதிக்கப்படுகிறது. நம் சிறுகதைக்காரர்கள் ஏன் இதைத் தொடவில்லை என்று நான் வியந்ததுண்டு.

கருணை என்பதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. சம்பாவத் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அது இறந்த பிறகு கார்பெட் அதன் வாயைப் பார்த்தார். வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் சிதைந்திருந்தன. மேற்பல் பாதியோடு, கீழ்ப்பல் எலும்புவரை. பழைய துப்பாக்கிக் காயம். யாரோ ஒருவர் தவறாகச் சுட்டுவிட்டுப் போனதால் இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் போன புலி அது. அந்த யாரோவின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

இனி, கையால் தோட்டா நிரப்பும் கலை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேட்டையாடுவோரும் இலக்குச் சுடுவோரும் வெற்றுக்கூட்டில் புதிய கேப்பும் மருந்தும் குண்டும் வைத்துத் தாமே நிரப்பிக்கொள்கிறார்கள். சிக்கனம் ஒரு காரணம். முதன்மைக் காரணம் ஒருமை. ஐம்பது தோட்டாவும் ஒரே தோட்டாவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குழலுக்கும் தனி ருசி உண்டு; உள்ளே வெட்டிய சுருள்வரியின் முறுக்கு, ஓர் எடையை ஏற்கும், மற்றொன்றைத் துப்பும். ஒலிம்பிக் சுடுவீரர்கள் துப்பாக்கியைப் பற்றுக்கருவியில் பொருத்திப் பல தொகுதித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, தம் குழலுக்கு உகந்த தொகுதியை வாங்கிச் சேமிப்பது இதற்காகவே.

தோட்டா நிரப்புபவர் அஞ்ச வேண்டிய ஒன்று வெயில். மருந்து வெம்மையேற ஏற வேகமாக எரியும். குழலுக்குள் அழுத்தம் கூடும். லண்டன் குளிரில் சரியாக இருந்த அளவு இந்தியக் கோடையில் மிகையாகிவிட்டது. அதனால் வெப்பநாடுகளுக்கென மருந்தைக் குறைத்து நிரப்பிய தோட்டாக்களைத் தனியே விற்றார்கள். நீலகிரியின் அருவங்காட்டில் 1903இல் தொடங்கப்பட்ட ஆலையில் செய்யப்பட்ட கார்டைட் இந்தக் குடும்பத்து மருந்துதான். பொறுப்புள்ளவர் உச்ச அளவிலிருந்து தொடங்கமாட்டார். கீழிருந்து சிறிது சிறிதாக ஏறி, கூட்டின் அடியில் அழுத்தத்தின் தடயம் தெரிகிறதா என்று பார்த்து நிறுத்துவார்.

இந்த ஒழுக்கத்தைச் சிவகாசிக்காரருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1923இல் தீப்பெட்டியோடு தொடங்கிய ஊர். மழை குறைந்த அந்த வறண்ட காற்றுதான் அதன் மூலதனம். வெயில் ஏறுமுன் கலவை வேலையை முடிப்பது, கலந்த மருந்தை மறுநாளுக்கு வைக்காதது, மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் அமராதது: விதிகள் எல்லோருக்கும் தெரியும். அவை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் மாண்ட முப்பதுக்கும் மேற்பட்டோர் சொல்லிச் சென்றார்கள். மருந்தின் எடையை உயிரின் எடையாக அறிந்த கைகள் இவ்வளவு நிறைந்த நிலப்பரப்பு வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

அதே நிலப்பரப்பின் மேற்கு விளிம்பில் நடப்பதைப் பாருங்கள். இந்தியாவில் உரிமம் பெற்ற சாமானியருக்கு எடையைத் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே பெரிதாக இடமில்லை. ராணுவத்தின் .303 குடிமக்கள் கையில் கூடாதென்று வெள்ளை அரசு தடுத்ததால் வழக்கத்துக்கு வந்தது .315, இன்றும் அரசு ஆலைகள் செய்வது அதைத்தான். அதன் குண்டு 244 கிரெயின் மென்முனை, பதினாறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. பழைய, மெதுவான, கனத்த குண்டு. நூறு கஜத்துக்குள் காட்டுப்பன்றிக்கு உண்மையில் அது பொருத்தமானதே. ஆனால் உரிமமும் ரைஃபிளும் யாரிடம் இருக்கின்றன? சோளக்காட்டில் இரவுக்காவல் இருப்பவரிடம் இல்லை. மலையடிவாரத்தில் புழங்குவது நாட்டுத் துப்பாக்கி. குழல்வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, நாரை அடைத்து, பால்ரஸ் உருண்டைகளைப் போட்டுக் கெட்டிக்கிறார்கள். கையால் நிரப்புவது என்றால் இதுவும் கையால் நிரப்புவதுதான். ஒவ்வொரு வெடியும் தனித்தனியாக, தராசின்றி, இருட்டில். எஃகு உருண்டை விரியாது. சுருள்வரி இல்லாத குழலில் நேராகவும் போகாது. காயம்பட்ட பன்றி போய்விடும்.

அதனினும் கொடியது அவுட்டுக்காய். தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து பன்றி வரும் தடத்தில் போட்டுவிடுவது. கடித்தால் தாடை சிதறும். கடிப்பது பன்றியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2020 மே மாதம் பாலக்காட்டில் இறந்த கருவுற்ற யானையை நாடே பார்த்தது. பூமணியின் ‘வெக்கை’யில் சிறுவன் கையில் வெடிகுண்டு வருவது ஓர் இலக்கியக் கற்பிதம் என்று நகரத்து வாசகர் நினைக்கக்கூடும். மருந்து இவ்வளவு அருகில் இருக்கும் கரிசலில் அது அன்றாடத்துக்கு வெகு பக்கத்தில் இருப்பது.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். இதையொட்டி நான் படித்த விவாதங்கள் எல்லாம் சுடலாமா கூடாதா என்பதிலேயே சுழன்றன. விவசாயியின் வயிற்றெரிச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரே இரவில் மக்காச்சோளக் காட்டைக் கிடத்திவிடும் கூட்டம் அது. உயிர்நேயர்களின் தயக்கத்தையும் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் இரு தரப்பிலும் ஒருவர்கூட எதைக் கொண்டு சுடுவது என்று கேட்கவில்லை. கேட்டால் தம் தரப்பு தோற்றுவிடும் என்று அஞ்சுகிறார்கள் போலும்: எதிர்ப்பவர் கேட்டால் சம்மதித்ததாகும், ஆதரிப்பவர் கேட்டால் தாமதமாகும்.

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கார்பெட்டை ரசித்தவர்களுக்கு அந்தக் கடன் உண்டு. சுடுபவரிடம் என்ன துப்பாக்கி, குண்டு மென்முனையா உறையிட்டதா, என்ன எடை, அந்த எடையை அதே குழலில் எத்தனை முறை இலக்கில் சுட்டுப் பழகினார், எத்தனை கஜத்துக்கு மேல் சுடமாட்டார் என்பவை ஊர் மந்தையில் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். இன்னொன்றும் கேட்க வேண்டும். கரிசல் நாட்டில் பன்றி பகலில் படுப்பது வறண்ட கண்மாய்களுக்குள் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தில். குனிந்தால்கூட நுழைய முடியாத முள். அடிபட்ட பன்றி அதற்குள் போய்விட்டால், மறுநாள் காலை இரத்தத் தடம் பார்த்து உள்ளே போகப்போகிறவர் யார்?